சந்து முழுக்கத் தேங்காய்ச்சோறு

786

தாராவி, பம்பாய்
3-3-1946

பினாங்கில் இருக்கும் என் அன்பு மச்சான் நாகூர் கனி அவர்களுக்கு நஜ்முன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் கிடைக்கும் நேரம் நீங்கள் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல், வயிறு நிறைந்து, நிழலில் உட்கார்ந்து வாசிக்கும்படி அல்லாஹ் செய்யட்டும். இங்கே நானும் அண்ணன் காசிமும் மதினியும் சுகம். நம் மகள் மெஹராஜும் சுகம். ஆனால் அவள் இப்போது இந்த வீட்டில் இல்லை. மாகிமில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஆமாம் மச்சான், கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நீங்கள் பதறாமல் வாசிப்பீர்கள்.

பம்பாயில் கலவரம் என்று அங்கேயும் பேப்பரில் வந்திருக்கும். கப்பற்படைப் பையன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காக மில்லெல்லாம் மூடி ஊரே தெருவில் இறங்கியது. சுட்டார்கள். பரேல் பக்கம் செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். டிராம் இல்லை, ரயில் இல்லை. இருட்டினால் யாரும் வெளியே தலை நீட்டக் கூடாது என்று உத்தரவு. எங்கள் சந்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இது எல்லாம் நடந்தது நம் பிள்ளையின் கல்யாண வாரத்தில்.

மாப்பிள்ளை அபுதாஹிரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். மாகிமில் தோல் மண்டி வைத்திருக்கிற குடும்பம். பூர்வீகம் மேலப்பாளையம். பையன் தங்கமானவன், தலை நிமிர்ந்து பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் உம்மா ரஷீதா பேசிவிடுவாள். உங்களுக்குப் பதிலாக அண்ணன் நின்று பெண்ணைக் கொடுக்கலாம் என்று நீங்கள் எழுதியனுப்பிய சம்மதக் கடிதத்தைக்கூட அவள் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. பெண்ணின் வாப்பா கடல் கடந்து இருக்கிறார், இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் இருந்தது என்றால் யாருக்கும் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்யும்.

விருந்துக்கு டோங்ரியிலிருந்து ஒரு பண்டாரியைப் பேசியிருந்தோம். பெரிய பெரிய கல்யாணத்துக்கெல்லாம் சமைக்கிற ஆள். பிரியாணி அரிசி, நெய், தேக்சா அண்டா, விறகு, கூட மாட வேலைக்கு ஆள் எல்லாம் அவர் பொறுப்பு என்று ஏற்பாடு. ரேஷன் காலத்தில் அந்த அரிசி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பண்டாரியின் ஆள் ஒருவன் நடந்தே வந்து, தேக்சாவை ஏற்ற வண்டி கிடைக்காது, அரிசி வைத்திருந்த கிடங்குப் பக்கமே போக முடியவில்லை, மன்னிக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அன்று சாயங்காலமே ரஷீதா, தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு மாகிமிலிருந்து நடந்து வந்துவிட்டாள். "பண்டாரி இல்லாம என்ன கல்யாணம்? ஊரும் இப்படிக் கெடக்கு. ஒரு ரெண்டு மாசம் தள்ளி வைப்போம்" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினார். அவருக்கும் அதுதான் நல்லது என்று பட்டது.

எனக்கு அந்தத் 'தள்ளி வைப்போம்' என்ற சொல்லைக் கேட்டதும் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது மச்சான். இதை நான் உங்களுக்கு எழுதியதில்லை. பினாங்கை ஜப்பான்காரன் பிடித்து, உங்களிடமிருந்து தகவல் நின்றுபோன பிறகு மெஹராஜுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். அவர்களும் தள்ளி வைப்போம் என்றுதான் ஆரம்பித்தார்கள். நோன்பு முடியட்டும் என்றார்கள், மழை முடியட்டும் என்றார்கள், கடைசியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று மூன்றாம் மனிதர் வந்து சொன்னார். அன்று மெஹராஜ் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது.

அதனால் அண்ணனுக்கு முன்னால் நான் வாய் திறந்தேன். "ஞாயித்துக்கெழமையே நடக்கட்டும். சோறு நான் ஆக்குதேன்" என்றேன்.

ரஷீதா சிரித்தாள். "தோல் பட்டறை ஆளுகளுக்குக் கஞ்சி ஊத்துத மாதிரின்னு நெனச்சியா? கல்யாணச் சோறுளா இது" என்றாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பணம் வருவது நின்ற பிறகு நான் அண்ணன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்க்கிற, குடும்பம் இல்லாத ஆட்களுக்கு வீட்டிலேயே சோறு ஆக்கிக் கொடுத்தேன். காலையில் கஞ்சியும் துவையலும். மத்தியானம் சோறும் கருவாட்டு ஆணமும். வெள்ளிக்கிழமை மட்டும் தேங்காய்ச்சோறு. அவர்கள் இன்னும் வருகிறார்கள். மெஹராஜ் உடுத்தியதும் உண்டதும் அந்த அடுப்பில் இருந்துதான் வந்தது. ஆகவே ரஷீதா அதைக் குத்தலாகச் சொன்னபோது எனக்கு வெட்கம் வரவில்லை. யோசனைதான் வந்தது.

பிரியாணிக்கு வேண்டிய அரிசி இல்லை. ஆனால் சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் ரேஷன் அரிசி இருக்கிறது. தடித்த அரிசி, பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் ஆகாது. ஆனால் தேங்காய்ப்பாலை உறிஞ்சிக்கொள்வதற்கு அதைப் போல அரிசி கிடையாது. தேங்காய்க்கு மாகிமில் பஞ்சமில்லை. கறிக்குப் பாந்திரா அறுப்புக்கூடம் நடக்கிற தூரம். பெரிய தேக்சா இல்லையென்றால் என்ன, வீட்டுக்கு ஒரு சட்டி இருக்கிறதே. ஒரு வீடு ஒரு சஹன் தட்டு நிறையச் சோறு ஆக்கினால் போதும். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர்தானே உட்காருகிறோம். அந்தந்த வீட்டில் ஆக்கி அந்தந்த வீட்டிலேயே பந்தி வைத்துவிட்டால் யார் என்ன கேட்க முடியும்?

இதைச் சொன்னதும் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரஷீதா, "தேங்காச்சோறு வீட்டுல திங்கிறது. கல்யாணத்துல யாரு வைப்பா?" என்றாள். "நாங்க வைப்போம் மாமி" என்று உள்ளே இருந்து மெஹராஜ் சொன்னாள். கல்யாணப் பெண் மாமியாரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ரஷீதா உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, "சோறு கொழஞ்சுதுன்னா நான் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியென்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்.

சனிக்கிழமை வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு நூர் நிஷா நான் கேட்டு முடிக்கும் முன்பே அரிசிப் பானையைத் திறந்து காட்டினாள். தங்கள் வாரத்து அரிசியை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு எல்லாரும் கோதுமையும் சோளமும்தான் தின்றார்கள். இன்றுவரை எங்கள் சந்தில் ரொட்டி தட்டும் சத்தம்தான். ஒருத்தியும் முகம் கோணவில்லை.

கடைசி வீடு சொர்ணத்தாயின் வீடு. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு வந்தவர்கள். நான்குநேரிப் பக்கம். அவள் புருஷன் தோல் பட்டறையில் சுண்ணாம்புக் குழியில் நிற்கிற ஆள். எனக்கு நான்கு வருஷமாகத் தண்ணீர் பிடிப்பதிலும் விறகு வாங்குவதிலும் கூட்டு. அவளிடமும் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "யக்கா, அரிசி தாரேன், எடுத்துக்கிடுங்க. ஆனா எங்க அடுப்புல ஆக்குனா அவுக சாப்பிடுவாகளா? பெரிய எடம். எங்க சாதி என்னன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "கறி பாந்திரா ஹலால் அறுப்பு, நான் கொண்டுவந்து தாரேன். அதுக்கு மேல சாப்பிட மாட்டோம்ங்கிறவுக பட்டினியாப் போகட்டும்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெந்தயம் எப்போது போட வேண்டும் என்று கேட்டாள்.

எல்லார் கையும் ஒன்றாக இருக்காது. ஒருத்திக்கு உப்புக் கை, ஒருத்திக்கு மிளகாய்க் கை. அதனால் கறி ஆணத்துக்கு மசாலாவை நானும் மதினியும் என் அம்மியிலேயே அரைத்து உருண்டை பிடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். தேங்காய்ப்பாலை ஒரே இடத்தில் பிழிந்து, உப்புப் போட்டு, நான் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிரித்துக் கொடுத்தேன். மெஹராஜின் கையில் மருதாணி காயவில்லை. அவள் சும்மா இருக்க முடியாமல், உரித்த பூண்டு சரியாக இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டினோம். அங்கேதான் வந்தது சங்கடம். சிலர் விறகு, சிலர் கரி. அத்தனை கூரையிலிருந்தும் ஒன்றாகப் புகை கிளம்பியது. மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்த போலீஸ் லாரி அதைப் பார்த்து நின்றுவிட்டது. எங்கேயோ தீ வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு ஹவில்தாரும் துப்பாக்கிக்காரர்களும் சந்துக்குள் ஓடி வந்தார்கள். தொழுகைக்கு மட்டும் தடை இல்லை என்பதால் ஆண்கள் எல்லாரும் நிக்காஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் இந்தியில், என்ன எரிகிறது என்று அதட்டினார். எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், "சாப், ஷாதி கா கானா. என் பொண்ணு கல்யாணம்" என்றேன். கல்யாணச் சாப்பாட்டை ஒரே இடத்தில்தானே சமைப்பார்கள், எல்லா வீட்டிலும் ஏன் புகை என்று கேட்டார். கூட்டம் கூடக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் தனித்தனியாகச் சமைக்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. நூர் நிஷா வீட்டுக்குள் போய் அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தானே எடுத்துப் பார்த்தார். ஆவி அவர் மீசையில் அடித்தது. பிறகு மூடியைப் பதமாகத் திருப்பி வைத்து, நழுவியிருந்த கரித்துண்டையும் இடுக்கியால் எடுத்து மூடி மேல் வைத்தார். தம் போய்விடக் கூடாது என்று அந்த மனிதருக்கும் தெரிந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். லாரிச் சத்தம் தேய்ந்த பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் ராஜாத்தி மாதிரி நின்றேன் மச்சான், பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் என் அடுப்பை யார் பார்த்தது? உள்ளே போனால் என் சட்டி அடிப்பிடித்துக் கருகிவிட்டது. மேலே எடுத்துப் பார்த்தால் அதிலும் கருகல் வாடை. சந்துக்கே சோறாக்கச் சொல்லிக் கொடுத்தவளின் சோறுதான் கெட்டுப்போனது. அதுவும் ரஷீதாவுக்கு என்று வைத்திருந்த சஹன்.

அழ நேரம் இல்லை. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து லெப்பை துஆ ஓதிய சத்தம் அடங்கியது. மாகிம்காரர்கள் மூன்று நான்கு பேராகச் சந்துக்குள் வரத் தொடங்கினார்கள். ஆண்களுக்கு மேற்குப் பக்கத்து வீடுகள், பெண்களுக்குக் கிழக்குப் பக்கம். எல்லா வீட்டிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ரஷீதாவுக்கும் அவள் கூட வந்த இரண்டு பெண்களுக்கும் மீதியிருந்தது சொர்ணத்தாயின் வீடு மட்டும்தான்.

நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ரஷீதா நின்றுவிட்டாள். சுவரில் சாமி படம் இருந்தது. தரை மெழுகி, பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்திருந்தது. சொர்ணத்தாய் வீட்டில் இல்லை. வெளியே பக்கவாட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"இது யாரு வீடு? ஆக்குனது யாரு?" என்று ரஷீதா கேட்டாள்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. "சொர்ணத்தாய் வீடு. அடுப்பும் அவளது, சட்டியும் அவளது, அரிசியும் அவளது. கறி மட்டும் நான் பாந்திராவுல இருந்து எடுத்தாந்தது. என் சோறு கருகிப் போச்சு" என்றேன்.

ரஷீதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூட வந்தவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். நான் மெஹராஜை நினைத்துக்கொண்டேன். பிறகு ரஷீதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். கை கழுவினாள். பிஸ்மி சொல்லி ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

மச்சான், அந்தச் சோற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டவில்லை, உதிர்ந்து ஓடவும் இல்லை. பாலெல்லாம் அரிசிக்குள் போய், வெந்தயமும் பூண்டும் அங்கங்கே தெரிய, வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆணம் மேலே எண்ணெய் கக்கி நின்றது. ரஷீதா ஒன்றும் பேசாமல் தின்றாள். தன் பக்கத்துச் சோறு தீர்ந்ததும் கையைத் தூக்கி, "மறுசோறு கொண்டா" என்றாள்.

அதோடு விடவில்லை அவள். "ஆக்குனவ எங்கே?" என்று கேட்டாள். சொர்ணத்தாய் வாசலில் வந்து நின்றாள். "சஹனுக்கு நாலு பேரு. இங்கன மூணு பேருதான் இருக்கோம். நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காருளா" என்றாள் ரஷீதா. சொர்ணத்தாய் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் பாயின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அவள் கை சஹனுக்குப் போகத் தயங்கியபோது ரஷீதா நல்ல கறித்துண்டாக ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தாள். வாயைப் பொத்திய அந்தப் பெண்ணும் கையை இறக்கிவிட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

கேட்டால் நம்ப மாட்டீர்கள், அன்று எந்த வீட்டிலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. பொழுது சாயும் முன் மெஹராஜை அனுப்பி வைத்தோம். வண்டி இல்லை. பட்டுச் சேலையும் முக்காடுமாக மாகிம் வரைக்கும் நடந்தே போனாள். சந்துப் பெண்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று வழியனுப்பினார்கள். அவள் அழுதாள், நான் அழவில்லை. திரும்பி வந்து கருகின சட்டியைத் தேய்க்கும்போது கொஞ்சம் அழுதேன். அது சந்தோஷத்தில்தான்.

நேற்று ரஷீதா ஆள் அனுப்பியிருந்தாள். அவள் தங்கை மகனுக்குச் சுன்னத்துக் கல்யாணமாம். நானும் சொர்ணத்தாயும் வந்து தேங்காய்ச்சோறு ஆக்க வேண்டுமாம், பிரியாணி வேண்டாமாம். மெஹராஜைப் பற்றிக் கேட்டதற்கு, பிள்ளைக்கு மாமியார் வீட்டில் அடுப்படி முழுதும் கொடுத்துவிட்டார்கள் என்று வந்தவன் சொன்னான். வேறு என்ன வேண்டும் எனக்கு?

மச்சான், இன்னும் ஒன்று. மூன்று வருஷம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தோம் என்று நீங்கள் எழுதியதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த வரியில், காய்ச்சலில் கிடந்தபோது ஒருத்தி தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. பினாங்கிலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பசித்த காலத்தில் உங்களுக்கு ஒரு வாய்க் கஞ்சி கொடுத்தவள் யாராக இருந்தாலும் அவளுக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள். அவள் அடுப்பு மூட்டியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை நான் யாருக்கு எழுதுவேன்? கப்பல் கிடைத்ததும் புறப்பட்டு வாருங்கள். தனியாக வந்தாலும் சரி, கூட ஆள் வந்தாலும் சரி, சின்னப் பிள்ளை வந்தாலும் சரி. எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டி எழுதிவிடுங்கள், நான் அதற்குத் தக்கபடி அரிசி ஊறப் போட வேண்டும்.

அல்லாஹ் உங்களைக் கடலில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
நஜ்முன்னிசா